சூன்: ஓர் ஆங்கிலக் காலச் சொல்லின் வரலாறு

சூன் என்பது ஆங்கிலத்தில் காலத்தைக் குறிக்கும் வினையடைகளுள் ஒன்று. தமிழில் இடத்துக்கேற்ப 'விரைவில்', 'சற்று நேரத்தில்', 'சீக்கிரம்' என்று பொருள் கொள்ளப்படுகிறது. (ஜூன் மாதத்தைக் கிரந்த எழுத்தைத் தவிர்த்துச் 'சூன்' என்று எழுதும் வழக்கமும் தமிழில் உண்டு. இக்கட்டுரை பேசுவது அந்த மாதத்தைப் பற்றி அன்று.) திரைப்படச் சுவரொட்டியின் அடியில் 'விரைவில்' என்று அச்சிடுகிறார்களே, அதன் ஆங்கில வடிவத்தில் இருப்பது இச்சொல்தான்.

அந்தச் சுவரொட்டியே காட்டுவது போல, இன்று இச்சொல் காலத்தைத் திட்டமாகச் சொல்வதில்லை. ஐந்து நிமிடமும் இதில் அடங்கும், ஐந்து மாதமும் அடங்கும். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இதற்கு 'உடனே, அக்கணமே' என்ற திட்டமான பொருள் இருந்தது. அப்பொருள் மெல்ல இளகியது. அதன் இடத்தை நிரப்ப வந்த வேறு சொற்களும் ஒன்றன்பின் ஒன்றாக அதே வழியில் இளகின. இந்த இளக்கம் அன்றாடப் பேச்சோடு நிற்காமல் வேத நூலின் மொழிபெயர்ப்பையும், நில உரிமையையும், இந்திய அரசியலமைப்பின் சில பிரிவுகளையும் தொட்டிருக்கிறது.

சொற்பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'சோனா'. ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் பிற பழைய மொழிகளிலும் இதன் உறவுச் சொற்கள் உள்ளன. கோதிக் மொழியில் 'சுன்ஸ்', பழைய சாக்சனில் 'சான்'. எல்லாவற்றுக்கும் பொருள் 'உடனே' என்பதே. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா விவிலியத்தைக் கோதிக் மொழியில் பெயர்த்தபோது, கிரேக்க மூலத்தில் 'உடனே' என்று வந்த இடங்களில் 'சுன்ஸ்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பழைய ஆங்கில நற்செய்தி நூல்களில் அத்தகைய இடங்களில் 'சோனா' வருகிறது.

ஒலி மாற்றம் எளிதில் விளங்கக் கூடியது. சொல்லின் இறுதி உயிர் தேய்ந்து மறைந்தது. பின்னர் 15, 16ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் இடம் பெயர்ந்த பெருமாற்றத்தில் 'ஓ' ஒலி 'ஊ' ஆயிற்று. நிலவைக் குறிக்கும் 'மோனா' இன்று 'மூன்' ஆனதும், 'சோனா' இன்று 'சூன்' ஆனதும் ஒரே கணக்கு. எழுத்தில் இரண்டு 'ஓ' நிற்க, வாயில் 'ஊ' ஒலிப்பதற்குக் காரணம் இதுதான்.

பொருள் மாற்றத்தை விளக்க ஒலிவிதி உதவாது. அதற்கு மனித இயல்பைத்தான் பார்க்க வேண்டும். ஒருவரை அழைக்கிறோம். அவர் வீட்டுக்குள் இருந்துகொண்டே "இதோ வந்துட்டேன்" என்கிறார். இறந்தகால வினைமுற்று, அதற்கு முன்னால் அண்மையைக் காட்டும் 'இதோ'. இலக்கணப்படி அவர் வந்தாயிற்று. நடப்பில் அவர் இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். இப்படிப் பல தலைமுறை சொன்னால், கேட்பவர்கள் அச்சொல்லின் மதிப்பைத் தாமாகவே குறைத்துக்கொள்வார்கள். 'உடனே' என்று சொல்லிவிட்டுச் சற்றுப் பொறுத்துச் செய்வது வழக்கமானால், 'சற்றுப் பொறுத்து' என்பதே அச்சொல்லின் பொருளாகிவிடும். பழைய ஆங்கிலம் இடைக்கால ஆங்கிலமாக மாறிவந்த காலத்திலேயே 'சோனா'வுக்கு இது நேர்ந்துவிட்டது.

அதே வழியில் சென்ற பிற சொற்கள்

'சூன்' இளகிய பின் 'உடனே' என்று அழுத்திச் சொல்ல ஆங்கிலேயருக்கு வேறு சொல் தேவைப்பட்டது. அவ்வாறு பயன்பட்டவற்றுள் ஒன்று 'அனான்'. 'ஒன்றில்' என்ற பொருளுடைய பழைய ஆங்கிலத் தொடரிலிருந்து பிறந்தது. ஒரே வீச்சில், நேராக, உடனே என்பது கருத்து. ஷேக்ஸ்பியர் காலத்துக்குள் அதுவும் தளர்ந்துவிட்டது. 1598இல் அச்சான 'நான்காம் ஹென்றி, முதற்பாகம்' நாடகத்தில் இதை வைத்தே ஒரு நகைச்சுவைக் காட்சி அமைந்துள்ளது. ஈஸ்ட்சீப் மதுக்கடையில் இளவரசர் ஹால், பிரான்சிஸ் என்ற பணியாளைப் பேச்சில் நிறுத்திவைக்கிறார். அவருடைய நண்பர் பாயின்ஸ் அடுத்த அறையிலிருந்து விடாமல் கூப்பிடுகிறார். பாவம் பிரான்சிஸ், இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு 'அனான், அனான்' என்றே பதில் சொல்கிறான். நின்ற இடத்தை விட்டு நகர்ந்தபாடில்லை. அரங்கில் இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள் என்றால், அச்சொல்லை அவர்களும் கடைகளில் அப்படியே கேட்டுப் பழகியிருக்க வேண்டும்.

இன்னொன்று 'பை அண்ட் பை'. இன்று இதற்கு 'போகப் போக', 'பிறகு ஒரு நாள்' என்று பொருள். ஆனால் 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் 'உடனே' என்ற பொருளில் வருகிறது. இதனால் விளையும் குழப்பம் சிறியதன்று.

மாற்கு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஏரோது தன் பிறந்தநாள் விருந்தில், நடனமாடிய பெண்ணிடம் எதைக் கேட்டாலும், அரசில் பாதியே ஆனாலும் தருவதாக ஆணையிடுகிறான். அவள் தாயிடம் ஓடிக் கேட்டுவிட்டு விரைந்து திரும்பி, யோவானின் தலையைத் தட்டில் வைத்துத் தர வேண்டும் என்கிறாள். எப்போது? கிரேக்க மூலத்தில் 'இந்தக் கணமே' என்பது தெளிவாக இருக்கிறது. விருந்தினர் முன் இட்ட ஆணையின் சூடு ஆறுவதற்குள், மன்னன் மனம் மாறுவதற்குள் காரியம் முடிய வேண்டும். தாயின் கணக்கே அதில்தான் இருக்கிறது. 1611ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த இடத்தில் 'பை அண்ட் பை' என்று இருப்பதால், இன்றைய வாசகர் 'பிறகு ஒரு சமயம் தந்தால் போதும்' என்று அவள் நிதானமாகக் கேட்டதாகப் படித்துவிடக் கூடும்.

மத்தேயு பதின்மூன்றாம் அதிகாரத்தில் விதைப்பவன் உவமை வருகிறது. பாறை நிலத்தில் விழுந்த விதை உடனே முளைக்கிறது, உடனே கருகுகிறது. அதுபோல, வசனத்தைக் கேட்டவுடன் மகிழ்ச்சியோடு ஏற்பவன், துன்பம் வந்தவுடன் இடறிப் போகிறான். ஏற்றதும் உடனே, விட்டதும் உடனே என்பதுதான் உவமையின் கூர்மை. கிரேக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு வசனங்களிலும் ஒரே சொல் நிற்கிறது. 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பாளர்கள் முதல் இடத்தில் 'அனான்' என்றும் அடுத்த இடத்தில் 'பை அண்ட் பை' என்றும் பெயர்த்தார்கள். அவர்கள் அறிய இரண்டும் 'உடனே'தான். இன்று படித்தால் கூர்மை மழுங்கி, அவன் நாளடைவில் தளர்ந்தான் என்பது போல் தோன்றும். 1881இல் வெளிவந்த திருத்திய ஆங்கிலப் பதிப்பு இரண்டு இடங்களிலும் ஒரே சொல்லை, ஐயத்துக்கு இடமில்லாத 'உடனே'யை இட்டது.

லூக்கா இருபத்தோராம் அதிகாரத்திலோ பொருள் தலைகீழாகவே ஆகிவிடுகிறது. போர்களும் கலகங்களும் வரும், ஆனால் முடிவு உடனே வந்துவிடாது என்பது அங்கே சொல்லப்படும் செய்தி. பழைய சொல்லை இன்றைய பொருளில் படித்தால், 'பின்னாளில் முடிவு வராது' என்றாகிவிடும்.

'பிரசன்ட்லி' என்ற சொல்லுக்கும் இதே கதைதான். முதலில் 'இப்போது', பிறகு 'உடனே', அதன்பின் 'சற்று நேரத்தில்'. அத்திமரம் பட்டுப்போன நிகழ்ச்சியில் 1611ஆம் ஆண்டுப் பதிப்பு இச்சொல்லை 'உடனே' என்ற பொருளில் ஆள்கிறது. இங்கிலாந்தின் பொது வழக்கில் அது 'சற்று நேரத்தில்' ஆகிவிட்டாலும், ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் 'இப்போது' என்ற பழைய பொருள் தொடர்ந்து வழங்குகிறது. இந்திய ஆங்கிலத்திலும் அதுவே வழக்கு. வேலை விண்ணப்பத்தில் ஒரு சென்னைப் பட்டதாரி 'பிரசன்ட்லி' என்று எழுதினால் 'தற்போது' என்று பொருள். பழங்கால மரபில் பயின்ற ஓர் ஆங்கிலேயர் அதையே 'இனிமேல்தான்' என்று எடுத்துக்கொள்ளக் கூடும். யாருடைய வழக்கு பழையது என்று பார்த்தால், விண்ணப்பதாரர் பக்கமே நியாயம் இருக்கிறது.

ஒப்பீட்டு வடிவம்: 'சூனர்'

'சூனர்' என்றால் 'இன்னும் முன்னதாக'. இதற்கு 'அதைவிட இதையே விரும்புவேன்' என்ற பொருளும் உண்டு. காலத்தைக் குறிக்கும் சொல் விருப்பத்தைக் குறிப்பது எப்படி? இரண்டு செயல்களுள் எதை முந்திச் செய்வோமோ அதுவே நமக்கு விருப்பமானது என்ற எண்ணம்தான் அடிப்படை. இதே மாற்றம் 'ராதர்' என்ற சொல்லில் முழுமையாக நடந்து முடிந்துவிட்டது. விரைவு, முன்னேரம் என்ற பொருளுடைய 'ரேத்' என்ற பழஞ்சொல்லின் ஒப்பீட்டு வடிவமே 'ராதர்'. மூலச்சொல்லை மில்டன் 17ஆம் நூற்றாண்டில் 'லிசிடஸ்' என்ற இரங்கற்பாவில் ஆண்டிருக்கிறார். இன்று அது வழக்கிழந்துவிட்டது. அதன் ஒப்பீட்டு வடிவம் மட்டும் காலப் பொருளை அடியோடு மறந்து, விருப்பப் பொருளில் நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்குச் 'சூனர்' அறிமுகமாவது வாக்கிய மாற்றப் பயிற்சியில். 'ஆஸ் சூன் ஆஸ்' என்று தொடங்கும் வாக்கியத்தை 'நோ சூனர்' கொண்டு மாற்றுக என்பது பழகிய வினா. இதில் மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை, 'நோ சூனர்' வாக்கியத்தின் நடுவில் 'தேன்' என்பதற்குப் பதிலாக 'வென்' எழுதுவது. சூனர் ஓர் ஒப்பீட்டு வடிவம் என்பதை நினைவில் வைத்தால் இப்பிழை வராது. ஒப்பீட்டுக்குப் பின் 'தேன்'தான் வரும். 'மணி அடித்தது, பையன்கள் ஓடியதற்கு முன்னதாக அன்று' என்பதே அவ்வாக்கியத்தின் உள்ளமைப்பு. எதிர்மறை முன்னால் வருவதால் 'டிட்' அல்லது 'ஹேட்' எழுவாய்க்கு முன் ஏறிக்கொள்கிறது.

இன்னொரு தடுமாற்றம் தமிழிலிருந்து வருவது. சீக்கிரம் வா, சீக்கிரம் எழுந்திரு, சீக்கிரம் நட என்று மூன்று இடத்திலும் நாம் ஒரே சொல்லைச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவதற்குச் 'சூன்', இரண்டாவதற்கு 'எர்லி', மூன்றாவதற்கு 'ஃபாஸ்ட்' அல்லது 'குவிக்லி' வேண்டும். காலையில் ஐந்து மணிக்கே எழுந்ததைச் 'சூன்' என்று எழுதினால் ஆசிரியர் சுழித்துவிடுவார். (அமெரிக்கத் தென்பகுதிப் பேச்சுவழக்கில் விடியற்காலையைக் குறிக்கச் 'சூன்' என்பதும் உண்டு. ஆனால் தேர்வுத்தாளில் அந்தச் சமாதானம் எடுபடாது.)

முந்திச் சென்றவர்கள்

ஒப்பீட்டு வடிவம் பெயர்ச்சொல்லாகி ஒரு மாநிலத்துக்கே பட்டப்பெயரான நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்தது. இன்றைய ஓக்லஹோமா மாநிலத்தின் நடுப்பகுதியில் சுமார் 20 லட்சம் ஏக்கர் நிலம் இருந்தது. கிரீக், செமினோல் என்னும் பழங்குடி மக்களிடமிருந்து அரசு பெற்ற நிலம் அது. 1889 மார்ச்சில் அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஏப்ரல் 22 நண்பகல் 12 மணிக்கு அந்நிலம் குடியேற்றத்துக்குத் திறக்கப்படும். முதலில் சென்று இடம் பிடிப்பவர் 160 ஏக்கர் வரை உரிமை கோரலாம். அந்த நேரத்துக்கு முன் எல்லைக்குள் நுழைந்தவருக்கு அங்கே நில உரிமை கிடையாது என்று சட்டமும் சொன்னது.

குறித்த நாளில் ஏறத்தாழ 50,000 பேர் எல்லையில் கூடினர். நேரம் அறிவிக்கப்பட்டதும் குதிரையிலும் வண்டியிலும் நடந்தும் ஓடினர். ஓடிச் சேர்ந்தவர்கள் பார்த்தால், நல்ல இடங்களில் ஏற்கெனவே ஆட்கள் முளையடித்து உட்கார்ந்திருந்தார்கள். முந்திய இரவுகளில் நுழைந்து புதர்களிலும் ஓடைக்கரைகளிலும் ஒளிந்திருந்தவர்கள் அவர்கள். இவர்களுக்கு வழங்கிய பெயரே 'சூனர்', அதாவது முந்திக்கொண்டவர். அப்போது அது வசைச்சொல்.

நில வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன. அவற்றுள் 1893இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஸ்மித் எதிர் டவுன்சென்ட் வழக்கு குறிப்பிடத்தக்கது. ஸ்மித் ரயில்வே ஊழியர். வேலை நிமித்தமாக ரயில் பாதையை ஒட்டிய நிலத்தில் முறைப்படியே தங்கியிருந்தவர். நண்பகல் ஆனதும் கூடாரத்தைப் பெயர்த்துச் சிறிது தூரம் தள்ளி நட்டு உரிமை கோரினார். திருட்டுத்தனமாக அவர் நுழையவில்லை. ஆயினும் குறித்த மணிக்கு எல்லைக்கு உள்ளே இருந்தது பிறருக்கு இல்லாத வாய்ப்பை அவருக்குத் தந்தது என்று கூறி நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை மறுத்துவிட்டது.

'நூன்' என்ற சொல்லும் தன் நேரத்திலிருந்து நகர்ந்த சொல்தான் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒன்பதாம் மணிப் பொழுது என்ற இலத்தீன் தொடரிலிருந்து பிறந்த அது, முதலில் பிற்பகல் மூன்று மணியளவைக் குறித்தது. இடைக்காலத்தில் நண்பகலுக்கு நகர்ந்தது. நல்லவேளையாக 1889க்குள் பன்னிரண்டில் நிலைபெற்றிருந்தது.

1907இல் ஓக்லஹோமா மாநிலமாயிற்று. அடுத்த ஆண்டே அங்குள்ள பல்கலைக்கழக விளையாட்டு அணிகள் 'சூனர்ஸ்' என்ற பெயரை ஏற்றுக்கொண்டன. வசை இருபதாண்டுகளில் பெருமையாகிவிட்டது. கிரீக், செமினோல் மக்களை இப்பெயர் நினைவூட்டுவதில்லை.

இந்திய அரசியலமைப்பில்

1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள இந்திய அரசியலமைப்பின் ஆங்கில மூலத்தில் 'சூன்' பல இடங்களில் வருகிறது. தனியாக அன்று, 'ஆஸ் சூன் ஆஸ் மே பி', 'ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்' என்ற தொடர்களாக. இரண்டுக்கும் 'இயன்ற விரைவில்' என்று பொருள் கொள்ளலாம்.

22ஆம் பிரிவு கைது பற்றியது. கைதானவருக்குக் காரணத்தை இயன்ற விரைவில் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதன் முதல் உட்பிரிவு. அடுத்த உட்பிரிவு, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவரை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. ஒன்றில் சொல், மற்றொன்றில் கடிகாரம். தடுப்புக் காவலில் வைக்கப்படுபவருக்கும் காரணங்களை இயன்ற விரைவில் அறிவிக்க வேண்டும் என்று ஐந்தாம் உட்பிரிவு கூறுகிறது. அந்த விரைவு எத்தனை நாள் என்று அரசியலமைப்பு சொல்லவில்லை. பின்னர் வந்த சட்டங்கள்தாம் சொல்லின் பக்கத்தில் எண்ணை வைத்தன. குண்டர் சட்டம் என்று பேச்சில் வழங்கும் 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம், 'இயன்ற விரைவில், ஆனால் ஐந்து நாளுக்கு மேற்படாமல்' என்ற முறையில் அமைந்தது. சிறைக்குள் இருப்பவருக்கு அந்த 'ஆனால்' மிகப் பெரிய சொல். தன்னை ஏன் பிடித்தார்கள் என்று தெரிந்தால்தானே அவர் மறுத்து முறையிட முடியும்?

சட்ட முன்வடிவுகளுக்கு ஒப்புதல் தரும் பிரிவுகளிலோ எண் வைக்கப்படவில்லை. குடியரசுத் தலைவர் ஒரு முன்வடிவைத் திருப்பி அனுப்புவது பற்றிய வரைவில் ஆறு வாரம் என்ற வரம்பு இருந்தது. 1949இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தம் அதை நீக்கி, 'ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்' என்று மாற்றியது. எச். வி. காமத் இதை எதிர்த்தார்; திட்டமான காலவரம்பு இருப்பதே நல்லது என்பது அவர் கட்சி. திருத்தமே வென்றது. அதுவே இன்றைய 111ஆம் பிரிவு. ஆளுநர் பற்றிய 200ஆம் பிரிவிலும் இதே தொடர் உள்ளது.

ஆறு வாரத்தை நீக்கியவர்கள் தாமதத்தை விரும்பினார்கள் என்று கருத வேண்டியதில்லை. 'இயன்ற விரைவில்' என்றால் ஆறு வாரத்தினும் முன்னதாகவே நடக்கும் என்று நம்பியிருக்கவும் கூடும். ஆனால் அவர்கள் நம்பியது எந்தச் சொல்லை என்பதை மேலே கண்ட வரலாறு காட்டுகிறது.

2023 ஏப்ரலில், தெலங்கானா அரசு தொடுத்த வழக்கில், இத்தொடருக்கு அரசியலமைப்பு சார்ந்த கனமான பொருள் உண்டு, பதவியில் இருப்போர் அதை மனத்தில் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. தமிழ்நாட்டில் சட்டப்பேரவை நிறைவேற்றிய முன்வடிவுகள் சில ஆண்டுக்கணக்கில் ஆளுநரிடம் நிலுவையில் இருந்தன. அவற்றுள் பத்து, 2023 நவம்பரில் பேரவையில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு, பின் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கி வைக்கப்பட்டன. தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அந்தப் பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்று தீர்ப்பளித்தது. கூடவே, சூழ்நிலைக்கேற்ப ஒரு மாதம், மூன்று மாதம் என்று காலவரம்புகளையும் வகுத்தது.

இதன்மேல் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு 14 வினாக்களை அனுப்பினார். 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தன் கருத்தை வழங்கியது. அரசியலமைப்பு குறிப்பிடாத காலவரம்பை நீதிமன்றம் விதிக்க முடியாது, தானாக ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளவும் முடியாது. எனினும் காரணமின்றி நெடுங்காலம் செயல்படாமல் இருந்தால், முடிவெடுக்கும்படி வரம்புக்குட்பட்ட அளவில் நீதிமன்றம் பணிக்கலாம் என்றது அமர்வு. 200ஆம் பிரிவில் அந்த நான்கு சொற்களும், பக்கத்தில் எண் எதுவும் இல்லாமல், 1950இல் இருந்தவாறே இருக்கின்றன.